தன்னவன் மீது ஓங்கிய கை

கால்பந்து விதிநூலின் பன்னிரண்டாம் விதி, ‘வன்முறை நடத்தை’ எனப்படும் குற்றத்தை வரையறுக்கும்போது, எதிரணி வீரர், நடுவர், பார்வையாளர் ஆகியோருடன் சக அணி வீரரையும் சேர்த்தே எண்ணுகிறது. சக வீரர்மீது அளவுமீறிய வலுவைப் பயன்படுத்துபவரும் பயன்படுத்த முயல்பவரும், அடி பட்டதா இல்லையா என்ற கணக்கின்றி, சிவப்பு அட்டை பெற்று வெளியேற வேண்டும். பந்துக்காகப் போட்டியிடாத நேரத்தில் ஒருவரின் தலையிலோ முகத்திலோ வேண்டுமென்றே கையால் அடிப்பதும், அவ்வடி பொருட்படுத்தத் தகாத அளவுக்கு மெலிதாக இருந்தாலன்றி, இதே குற்றமாகிறது. சக வீரரை அடித்ததற்காக இவ்விதி பயன்படுவது மிக அரிது. ஆனால் பயன்படும்போதெல்லாம் ரசிகர்களிடையே எழும் வழக்கு, ஒரு நடுவரின் முடிவைப் பற்றியதாகத் தொடங்கி, தீங்கு யாருக்கு இழைக்கப்பட்டது, அதை மன்னிக்கும் உரிமை யாருடையது என்னும் பழைய அறக் கேள்வியில் போய் முட்டுகிறது.

2025 நவம்பர் 24 அன்று மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட் அரங்கில் நடந்த பிரீமியர் லீக் ஆட்டத்தின் 13ஆம் நிமிடத்தில், எவர்ட்டன் அணியின் இத்ரிசா கெயே, தற்காப்பில் நேர்ந்த குழப்பத்தை அடுத்துச் சக வீரர் மைக்கேல் கீனுடன் வாய்ச்சண்டையில் இறங்கி, அது தள்ளுமுள்ளாக மாறிய நிலையில் அவர் கன்னத்தில் அறைந்தார். நடுவர் டோனி ஹாரிங்டன் சிவப்பு அட்டையை உயர்த்தினார். எஞ்சிய நேரம் முழுவதையும் பத்துப் பேருடன் ஆடிய எவர்ட்டன், கீர்னன் டியூஸ்பரி-ஹால் அடித்த ஒரே கோலால் வென்றது. ஆட்டம் முடிந்ததும் கெயே மன்னிப்புக் கேட்டார். 2008 டிசம்பரில் ஸ்டோக் சிட்டியின் ரிக்கார்டோ ஃபுல்லர் தம் அணித்தலைவர் ஆண்டி கிரிஃபினை அறைந்து வெளியேற்றப்பட்ட பின் அந்த லீகில் இத்தகைய காட்சி அதுவரை நிகழ்ந்திருக்கவில்லை.

அட்டையை எதிர்க்கும் ரசிகர்களின் வாதம், அது ஒரு வீட்டுச் சண்டை, எதிரணிக்கு அதில் எந்த இழப்பும் இல்லை என்பது. பயிற்சியாளர் டேவிட் மோய்ஸே தம் வீரர்கள் ஒருவரோடொருவர் மோதும் துடிப்பை ஓரளவு மெச்சிப் பேசியது இவ்வாதத்துக்கு வலுவூட்டியது. இதை வெறும் கட்சிப்பற்று என்று தள்ளிவிட இயலாது. ஏனெனில் அரிஸ்டாட்டிலே, நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில், தனக்குரியதற்கு எதிராக ஒருவன் முழுப் பொருளில் அநீதி இழைக்க முடியாது என்றும், தன் பிள்ளையும் தன் அடிமையும் ஒருவகையில் தன் உறுப்பு போன்றவர்களே என்றும் கூறியிருக்கிறார். அணியை ஓர் உடலாகவும் வீரர்களை அதன் உறுப்புகளாகவும் கொண்டால், கெயே கீனை அறைந்தது ஒருவன் தன் தொடையில் தானே அடித்துக்கொண்டதற்கு ஒப்பாகும். அதற்கு நடுவர் எதற்கு?

ஆயினும் அரிஸ்டாட்டிலின் கூற்று தந்தைக்கும் ஆண்டைக்கும் உரிய அதிகாரத்தின் மேல் நிற்கிறது, சம நிலையில் உள்ள இருவருக்கிடையே அது செல்லாது; அடிமையைப் பற்றிய அவருடைய கருத்தையே இன்று எவரும் ஏற்பதில்லை என்பது வேறு. கீன் எவர்ட்டனுக்காக ஆட ஒப்பந்தம் செய்திருக்கிறாரே தவிர, தம் கன்னத்தை எவர்ட்டனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் விதி எதிரணி வீரரையும் சக வீரரையும் அடுத்தடுத்து வைப்பதன் உட்பொருள் இதுவே: அடிபட்டவர் எந்தச் சட்டை அணிந்திருந்தார் என்று அது கேட்பதில்லை. பொதுச் சட்டமும் இவ்வழியில் சென்றிருக்கிறது. 2005 ஏப்ரல் 2 அன்று நியூகாசில் அணியின் லீ பௌயரும் கீரன் டயரும் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே தங்களுக்குள் அடித்துக்கொண்டு இருவரும் வெளியேற்றப்பட்டனர். கிளப்பும் கால்பந்துச் சங்கமும் தண்டித்ததோடு அது முடியாமல், பொது ஒழுங்கைக் குலைத்ததற்காகப் பௌயர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் செலுத்த நேர்ந்தது.

அடிபட்டவரே மன்னித்துவிட்டபோது பிறருக்கென்ன என்னும் இரண்டாவது வாதத்துக்குச் சமய மரபுகள் ஆழமான விடைகளை வைத்திருக்கின்றன. யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, பிறனைக் கன்னத்தில் அறைந்தவன் இருநூறு ஸூஸ், அதாவது அக்கால வெள்ளிக்காசு, கொடுக்க வேண்டும் என்றும், புறங்கையால் அறைந்தால் நானூறு என்றும் விதிக்கிறது. வலி கூடுதல் என்பதால் அன்று, இழிவு கூடுதல் என்பதால். அந்தத் தொகையைச் செலுத்திய பின்னும், அடிபட்டவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்கும்வரை அவன் மன்னிக்கப்படுவதில்லை. ஆகவே கடன் வேறு, மன்னிப்பு வேறு, ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. மிஷ்னாவின் விரிவுரையாக வளர்ந்த தால்முத்தில் ரேஷ் லாகிஷ் என்னும் அறிஞர், எபிரேயர் இருவர் தமக்குள் சண்டையிடுவதைக் கண்டு மோசே தட்டிக்கேட்கும் யாத்திராகமக் காட்சியை எடுத்துக்கொண்டு, அடிக்காவிட்டாலும் பிறன்மீது கை ஓங்கியவனே தீயவன் என்று முடிவு கூறுகிறார். அடி படாவிட்டாலும் முயற்சியே குற்றம் என்னும் பன்னிரண்டாம் விதியோடு இது வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. அந்தக் காட்சியும் அயலார் சண்டை அன்று, ஓரினத்தார் சண்டை என்பது இங்கே கருதத்தக்கது. இஸ்லாமியச் சட்டவியல் இறைவனின் உரிமை, மனிதரின் உரிமை என்று பிரித்து, பின்னதில் பாதிக்கப்பட்டவர் பழியீட்டை விட்டுக்கொடுக்க இடமளிக்கிறது. ஆயினும் பொது நலன் கருதி ஆட்சியாளர் தனியே தண்டிக்கும் அதிகாரத்தைச் சட்ட அறிஞர் பலர் ஏற்கின்றனர்.

எனவே அட்டை நேர்மையானதே. ரசிகர்கள் குறிவைக்கத் தவறிய இடம் அட்டைக்கு அப்பால் இருக்கிறது. மிஷ்னாவின் இருநூறு ஸூஸ் அறைபட்டவனின் கைக்குப் போகிறது. கால்பந்திலோ அறைபட்டவரே தண்டனையின் பெரும்பங்கைச் சுமக்கிறார். கெயே வெளியேறிய பிறகு ஒருவர் குறைந்த அணியின் பாரத்தைத் தற்காப்பில் நின்று தாங்கியவர்களுள் கீனும் ஒருவர். குற்றத்தைத் தீர்மானிக்கும்போது கீனைக் கெயேயிடமிருந்து தனி மனிதராகப் பிரித்த அதே விதி, தண்டனையை விதிக்கும்போது இருவரையும் மீண்டும் ஓருடலாகக் கட்டிவிடுகிறது. மகன் தந்தையின் பாவத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி மறுத்த கூட்டுத் தண்டனையே இது; அடித்தவரின் பாவத்தை அடிபட்டவர் சுமப்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கவும் மாட்டார். குழு ஆட்டத்தில் வேறு வழியில்லை என்பது ஓரளவே சரி, ஏனெனில் அடுத்து வரும் ஆட்டங்களுக்கான தடை குற்றவாளியின் பெயரில்தான் விதிக்கப்படுகிறது. அதிலும் அணிக்கு இழப்பு உண்டு என்றாலும், அந்த இழப்பு தண்டனையின் நோக்கமன்று.

2016இல் வந்த திருத்தம் இச்சிக்கலை இன்னும் கூர்மையாக்கியது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது சக வீரருக்கு எதிராகச் செய்யப்படும் குற்றத்துக்கும் எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக், அது தற்காப்பு அணியின் பெனால்டி பகுதிக்குள் நிகழ்ந்தால் பெனால்டி கிக் என்று அது வகுத்தது. அதன்படி, தற்காப்பு வீரர் ஒருவர் தம் கோல்கீப்பரை அப்பகுதிக்குள் அறைந்தால், அறைந்தவர் வெளியேறிவிடுவார். அறைபட்ட கோல்கீப்பரோ, தம்மீது விழுந்த அடிக்காக எதிரணிக்குக் கிடைத்த பெனால்டியைத் தடுக்கக் கோல்கோட்டில் நின்றாக வேண்டும்.