தேவ பராமரிப்பும் நமது விசுவாசமும்



பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குக் கடைசி நாள், கையில் காசில்லை. என்றோ கைமாற்று வாங்கிப் போன உறவினர் அன்று மாலை வாசலில் வந்து நின்று, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறார். "சர்வேசுரன் கொடுத்தார்" என்று தாய் சிலுவை அடையாளம் வரைந்து கொள்ளுகிறாள். அவள் சொன்னது மெய்யே. ஆனால் அடுத்த தெருவில் அதே ஜெபமாலையைச் சொன்ன மற்றொரு தாய்க்கு அன்று யாரும் வரவில்லை. அவளைச் சர்வேசுரன் மறந்தாரா? இக்கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தேவ பராமரிப்பைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

1827-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், இத்தாலியாவிலுள்ள தூரின் நகரில், கணவனோடும் பிள்ளைகளோடும் பிரயாணம் செய்த ஒரு பிரெஞ்சு மாது நோயில் விழுந்தாள். கர்ப்பவதி என்று ஓர் ஆஸ்பத்திரியும், காய்ச்சல் கண்டவள் என்று மற்றொன்றும் அவளை ஏற்க மறுத்தன. அவஸ்தை பார்க்க வந்த குருவானவரின் கண்முன்னே அவள் உயிர் பிரிந்தது. அந்தக் குருவானவரே அர்ச். சூசை கொத்தலெங்கோ.

அந்நகரில் படுக்கை இல்லாமலில்லை, மருந்தும் இல்லாமலில்லை. சர்வேசுரன் கொடுத்திருந்தது மனிதர் கையில் வந்து நின்று போயிற்று. இதைக் கண்ட கொத்தலெங்கோ சுவாமியார் தேவ பராமரிப்பைக் குறை கூறவில்லை. அது நின்று போன இடத்தில் தம் கையை நீட்டினார். 1828-ல் சில அறைகளை அமர்த்தி, எவரும் ஏற்காத நோயாளிகளுக்குப் படுக்கை போட்டார். 1831-ல் காலராப் பயத்தால் அது மூடப்பட்டது. மறு வருஷமே வல்தோக்கோ என்னுமிடத்தில் "தேவ பராமரிப்பின் சிறிய இல்லம்" தொடங்கிற்று. அதற்கு நிலையான வருமானம் கிடையாது. நாளைக்கென்று சேர்த்து வைப்பதும் கிடையாது. ஜெபம் மட்டும் ஓயவில்லை. அவர் 1842-ல் மரித்தபோது நூற்றுக்கணக்கானோர் அங்கே ஆதரவு பெற்றிருந்தார்கள். 1934-ல் 11-ம் பத்திநாதர் அவரை அர்ச்சியசிஷ்டர் என்று அறிக்கையிட்டார். அந்த இல்லம் இன்றும் இருக்கிறது.

இதில் வரிசையைக் கவனியுங்கள். உதவி வந்ததைக் கண்டு அவர் விசுவசிக்கவில்லை. உதவி வராமற்போனதைக் கண்ட பின்னும் விசுவசித்தார். எதிர்பாராத உதவி விசுவாசத்தின் வேரல்ல. வேர்கொண்ட செடிக்குப் பெய்யும் மழை. அப்பம் தின்று திருப்தியடைந்ததற்காகத் தம்மைத் தேடி வந்த ஜனங்களைச் சேசுநாதர் கடிந்து கொண்டாரன்றோ? வயிறு நிரம்பியதால் வந்த விசுவாசம் பசி வந்தால் பறந்து போகும்.

அப்படியானால் அந்த உதவி விசுவாசத்தை எவ்விதம் பலப்படுத்துகிறது? நம் கணக்குக்கு மேல் ஒரு கணக்கு உண்டென்று காட்டி நம்மைத் தாழ்த்துகிறது. பெற்றுக் கொண்டவனைக் கடனாளியாக்கிப் பிறருக்குக் கொடுக்கத் தூண்டுகிறது. கொடுக்கிறவனோ, தன் கை வழியாகச் சர்வேசுரன் வேலை செய்வதைத் தானே கண்டறிகிறான். அதைவிடப் பலமான அத்தாட்சி வேறென்ன?

இதைச் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்ளலாகாது. குடும்பம் நடத்துகிறவன் உழைக்கவும் வேண்டும், நாலு காசு மிச்சம் பிடிக்கவும் வேண்டும். நம்பிக்கையை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டலாகாது. எல்லாக் குறையும் மனிதர் கையால் தீருவதுமில்லை. தீராத நோயும் சாவும் உண்டு. ஜெத்சமனித் தோப்பில் ஆண்டவர் மன்றாடியும் துன்பப் பாத்திரம் அவரைவிட்டு நீங்கவில்லை. பிதாவோ அவரைக் கைவிடவில்லை என்பதற்கு உயிர்ப்பு ஞாயிறு சாட்சி.

ஆகையால் அடுத்த தெருத் தாயை மறவாதிருங்கள். அவளுக்கென்று சர்வேசுரன் அனுப்பியது ஒருவேளை உங்கள் வீட்டில் தங்கியிருக்கலாம். அடுத்த ஞாயிறு பூசைக்கு வருமுன் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்து விடுங்கள்.