திருத்தப்பட்டது பழையதுதானா?

ஈழத்துத் தமிழ் வழக்கிலே ‘திருத்துதல்’ என்னும் சொல் ஆழ்ந்து நோக்கற்பாலது. பழுதான சைக்கிளையும் திருத்துகிறோம், விடைத்தாளையும் திருத்துகிறோம், வழி தவறிய பிள்ளையையும் திருத்துகிறோம். இம்மூன்றுக்கும் ஒரே சொல்லை நம்மவர் வழங்குவது சொற்பஞ்சத்தால் அன்று என்றே எண்ணத் தோன்றுகிறது. பொருளில் நேர்ந்த பழுதும், எழுத்தில் நேர்ந்த பிழையும், ஒழுக்கத்தில் நேர்ந்த தவறும் ஏதோவொரு வகையில் உறவுடையன என்ற எண்ணம் இச்சொல்லினுள் உறைந்து கிடக்கிறது. அவ்வுறவு யாதென ஆராயும் வாய்ப்பு எனக்கு நூலகத்தில் அன்றி, எங்கள் வீட்டு முற்றத்திலே, எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு கிடைத்தது.

என் அப்பப்பா விட்டுச்சென்ற 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் 2023 ஆம் ஆண்டு விடுமுறையின்போது தீப்பற்றியது. ஓட்டி வந்தவன் நான். படலையைத் திறப்பதற்காக எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினேன். திரும்பிப் பார்க்கையில் பொனற்றின் இடுக்குகளில் புகை கசிந்துகொண்டிருந்தது. இக்காரின் அமைப்பை அறிந்தவர்க்குக் காரணம் விளங்கும். காபரேற்றரும் சூடான புகைபோக்கிக் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக அமைந்துள்ளன. காபரேற்றரின் மிதவை அறையிலுள்ள ஊசி சரியாக மூடாவிடின் பெற்றோல் நிரம்பி வழியும். வழிவது கொதிக்கும் இரும்பின்மேல் விழும். மின்னால் இயங்கும் பெற்றோல் பம்பியோ, சாவி திறந்திருக்கும்வரை இறைத்துக்கொண்டேயிருக்கும். ஆதலின் முதலிற் செய்யவேண்டியது சாவியை மூடுதல். அப்பப்பா இதனைப் பல தடவை சொல்லியிருந்தார். நானோ பொனற்றைத் திறந்தேன். தீக்குக் காற்றுக் கிடைத்தது.

அயலவர் ஓடிவந்து மணல் கொட்டி அணைத்தனர். காபரேற்றர், பம்பி, வயர்கள், றப்பர்க் குழாய்கள் யாவும் அழிந்தன. பொனற்றின் தகடு வெப்பத்தால் நெளிந்தது. காரைக் காத்த மணலே திறந்து கிடந்த துவாரத்தினூடாக எஞ்சினுக்குள்ளும் புகுந்திருந்தது. எனவே அதனை முற்றாகக் கழற்றாமல் வேறு வழியில்லை. மாமரக் கொம்பிலே செயின் புளொக்கைத் தொங்கவிட்டு எஞ்சினை வெளியே எடுத்தோம். எங்களுக்கு வழிகாட்டிய மெக்கானிக் அண்ணை, “தம்பி, கழட்டுறது ஒரு நாள் வேலை. ஒழுங்கை மறவாமல் எழுதி வை” என்றார். கழற்றியவற்றையெல்லாம் பால்மாப் பேணிகளில் இட்டுப் பெயரெழுதி வைத்தேன். வயரிங் வேலைதான் பெரும்பாடாயிற்று. இக்கார்களில் வெள்ளை வயர் சாவிச் சுற்றுக்கும், பழுப்பு பற்றரியிலிருந்து வருவதற்கும், கறுப்பு நிலத்தொடுப்புக்கும் உரியன. அந்நிறங்கள் யாவும் கிடைக்காமையால், கிடைத்த வயரின் நுனிகளில் அம்மாவின் தையல் நூல்களை நிறம்பார்த்துச் சுற்றினேன். தத்துவ விசாரத்தில் இச்செய்திகளுக்கு இடமில்லை எனச் சிலர் கருதலாம். ஆனால் ஒரு பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறியாமல், அது ‘அதே பொருளா’ என வினவுவது வெறுஞ் சொற்சிலம்பமாகும்.

புதுப் பாகங்கள் ஒவ்வொன்றாகக் காரில் ஏற, பழையவை கொட்டிலின் மூலையிற் குவிந்தன. கிரேக்கத் தத்துவ மாணவர் யாவரும் அறிந்த தீசியசின் கப்பல் அப்பொழுது என் நினைவுக்கு வந்தது. உக்கிய பலகைகளை அகற்றிப் புதியன பொருத்திவந்த அக்கப்பல் பழையதுதானா என மெய்யியலாளர் வாதிட்டதைப் புளூட்டாக் குறித்துள்ளார். அகற்றிய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து மீண்டுமொரு கப்பலாக்கினால் எது மெய்யான கப்பல் என 17 ஆம் நூற்றாண்டிலே தோமஸ் ஹொப்ஸ் அவ்வினாவை மேலும் சிக்கலாக்கினார். எங்கள் கொட்டிலிலே ஹொப்சின் இரண்டாவது கப்பல் கருகிக் கிடந்தது! பழைய இரும்பு வாங்குபவர் வந்தபோது அதனை விற்க என் மனம் இடந்தரவில்லை. ஏன் என்று அன்று என்னாற் சொல்ல முடியவில்லை.

இவ்வினாவுக்குக் கீழைத்தேயம் அளித்த விடை வேறுவகையானது. மிலிந்த அரசனை நாகசேன தேரர், “தேரிலே வந்தேன் என்கிறீர், அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா?” என்னும் பொருள்பட வினவினார். ஒன்றும் தேரன்று, இவையனைத்தும் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பது முடிவாயிற்று. பெயருக்கு அப்பால் ஒரு காரும் இல்லையெனின் என் கவலை பொருளற்றதாகிவிடும். ஆயினும் இவ்விடை என்னை அமைதிப்படுத்தவில்லை. பெயர்தான் எனினும், அப்பெயரைச் சொல்லி ஒருவரிடம் பணம் வாங்கலாமா என்ற வினா எஞ்சி நிற்கிறதன்றோ?

நீதிமன்றமும் ஒருமுறை இதனை எதிர்கொண்டுள்ளது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லே மான்ஸ் ஓட்டப் போட்டியில் வென்ற ‘ஓல்ட் நம்பர் வண்’ என்னும் பென்ற்லி கார் பின்னர் வேறு எஞ்சின் பெற்றது. 1932 இல் விபத்துக்குள்ளாகி, அதன் பின்னர் வேறு உடலும் பெற்றது. அதனை வாங்க உடன்பட்டவர்கள், இது அந்தக் காரே அன்று எனக் கூறிப் பின்வாங்கினர். 1990 இல் ஆங்கில உயர்நீதிமன்றம் விற்றவரின் பக்கமே தீர்ப்பளித்தது. முதலிலிருந்த பாகங்கள் பெரும்பாலும் இல்லாதபோதும், ஒரு காராக இடையறாது தொடர்ந்து வந்த வரலாறே அதனை மெய்யானதாக்குகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். அரிஸ்ரோட்டிலின் உருவும் பொருளும் பற்றிய கொள்கையைவிட இந்த நீதிபதியின் நோக்கே எனக்கு உவப்பானது. ஒரு பொருளின் தனித்துவம் அதன் சடத்தில் மட்டுமன்று, அதற்கு நிகழ்ந்தவற்றின் தொடர்ச்சியிலும் உள்ளது என்பதை அது ஏற்கிறது.

அவ்வாறாயின் எங்கள் காரின் வரலாறு யாது? 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அருந்தற் பொருளானபோது, சில துளி பெற்றோலால் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் இதுவும் ஒன்று. மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும், உறுப்புகளைத் தேய்க்கும். தேய்ந்த எஞ்சினை அகற்றி, அதே இனத்ததான ஓஸ்ரின் ஏ35 காரொன்றின் எஞ்சினை அப்பப்பா பொருத்தினார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது நடக்கவியலாத முதியவர்களை ஏற்றிக்கொண்டு அது தென்மராட்சிக்கு ஊர்ந்தது. ஆகவே தீ அழித்ததாக நான் துயருற்ற ‘அசல்’ கார் தீக்கு முன்னரே அசலாக இருக்கவில்லை. அப்பப்பாவின் கார் என்று நான் போற்றியதே அவர் செய்த மாற்றங்களின் தொகுதிதான். அசலைக் காக்கவேண்டுமென நான் பிடிவாதம் செய்திருந்தால் அவருடைய கைவேலையையே அகற்ற நேர்ந்திருக்கும்.

வேலை முடியுந் தறுவாயில் கொழும்பிலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களின் மதிப்பு உயர்ந்திருந்தது. எங்கள் வீட்டிலோ தங்கையின் படிப்புச் செலவு முன்னின்றது. தீயைப்பற்றிச் சொல்வதா என்ற கேள்வி எழுந்தது. அப்பா, “கேட்டாச் சொல்லுவம். கேக்காததை ஏன் சொல்லுவான்?” என்றார். அப்பா பொய்யர் அல்லர். சொல்லாமை வேறு, பொய் வேறு என்ற அவர் எண்ணம் சந்தையிலே பெரும்பாலோர் ஏற்கும் அறமுமாகும். ஆனால் பொனற்றின் உட்புறத்திலும், காரின் இலக்கத் தகடு அறையப்பட்டிருக்கும் சுவரிலும் தீயின் கொப்புளங்கள் எஞ்சியிருந்தன. அவற்றைத் தேய்த்து மைபூசிவிட்டால் கேட்பதற்கான வாய்ப்பையே நாம் பறித்துவிடுகிறோம். பின்னர் ‘அவர் கேட்கவில்லை’ என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

பழங்கட்டடங்களைப் பேணுவது குறித்து 1964 இல் வெனிசிலே வகுக்கப்பட்ட பட்டயம் இங்குக் கருதத்தக்கது. புதிதாகச் சேர்ப்பவை முழுமையோடு இசைய வேண்டும். அதேவேளை பழையவற்றிலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியனவாகவும் இருக்க வேண்டும். திருத்தம் சான்றைப் பொய்யாக்கலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. இதனை வாசித்தபோது எனக்கு நினைவில் எழுந்தது கார் அன்று. 1981 மே 31 இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் மீளவும் வெண்ணிறமாக எழுந்து நிற்கிறது. எரிந்த சுவர்களை அவ்வாறே நினைவுச்சின்னமாக விடவேண்டும் என்ற குரல்களும் முன்னர் எழுந்தன. அங்கே படிக்கச் செல்லும் பிள்ளைக்கு மேசையும் கூரையும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நானும் அப்பிள்ளைகளுள் ஒருவனே. ஆயினும் அந்த வெண்சுவரைப் பார்த்து, இங்கு ஒன்றும் நிகழவில்லைப் போலும் என ஒரு புதியவர் எண்ணக்கூடும் என்பது என்னை உறுத்துவதுண்டு. கட்டடத்தைத் திருத்தலாம்; எரிந்த ஏட்டுச்சுவடிகளைத் திருத்த முடியாது. ஒரு காரை இதனோடு ஒப்பிடுவது அளவு மீறிய செயல் என்பதை அறிவேன். எனினும் வினா ஒன்றேதான்: மீட்பது என்பது மறைப்பதும் ஆகிவிடுமா?

கொப்புளங்களைத் தேய்க்க வேண்டாமென நான் வற்புறுத்தினேன். வாங்க வந்தவர் பொனற்றைத் திறந்து பார்த்தார், கேட்டார், அப்பா யாவும் சொன்னார். அவர் அதன்பின் தொடர்புகொள்ளவில்லை. தங்கைக்கான பணத்தை வங்கியிற் கடனாகப் பெற்றோம். என் கொள்கையின் விலையை நான் அன்றி வீட்டார் செலுத்தினர் என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

மிலிந்தனும் நாகசேனரும் மீண்டும் என் முன் வருகின்றனர். அந்நூலிலே இன்னோர் உவமை உண்டு. ஒருவன் மாடத்திலே விளக்கை வைத்து உணவருந்துகிறான். விளக்கு கூரைப் புல்லிற் பற்றுகிறது, வீடு எரிகிறது, ஊரே எரிகிறது. ஊரார் அவனைப் பிடித்தபோது, “நான் உண்ண வைத்த சுடர் வேறு, ஊரை எரித்த தீ வேறு” என வாதிடுகிறான். அவனே குற்றவாளி என்கிறான் மிலிந்தன். பின்னது முன்னதிலிருந்தே தோன்றியது. தேர் என்றொரு பொருள் தனியே இல்லை என்று காட்டிய அதே தேரர், பொறுப்பு என்று வரும்போது எவரையும் தப்பவிடவில்லை.

இவ்வுவமை என்னைத் தைத்ததற்குக் காரணம் உண்டு. தீப்பற்றுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே காரினுள் பெற்றோல் மணம் வந்ததை நான் அறிந்திருந்தேன். சொன்னால் அப்பா காரைத் தரமாட்டார் என்று பேசாதிருந்தேன். பழைய பாகங்களை விற்க மனம் வராததும், வயர்களுக்கு நூல் சுற்றி இரவிரவாக விழித்திருந்ததும், தேய்க்காதே என்று அறம் பேசியதும் இதனாற்றான். வாங்க வந்தவரிடம் மறைக்கலாகாது என வாதிட்ட நான், அப்பாவிடம் மறைத்தே அவ்வாதத்தைச் செய்தேன். கார் திருந்திக்கொண்டு வந்தது. பிழை பிழையாகவே கிடந்தது.

எஞ்சின் மீண்டும் இயங்கிய மாலையில் அதனை அப்பாவிடம் சொன்னேன். அவர் கைகளைத் துடைத்தவாறே சிறிது நேரம் பேசாது நின்றார். பின்னர், “ஊசி புதுசு போட்டனியோ?” என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தேன்.