நட்டதும் பிழைத்ததும்

பொய் சொல்வதற்குப் பொய்யை எழுத வேண்டியதில்லை. உண்மையை மட்டுமே எழுதி, கட்டம் போட்ட தாளில் முத்திரையும் குத்தி மேலே அனுப்பியே ஒரு பெரிய பொய்யைச் சொல்லிவிடலாம். இதை நான் எந்த நீதி நூலிலும் படிக்கவில்லை. ஒரு சர்க்கார் அலுவலகத்தில் எட்டு மாதம் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தபோது கற்றுக்கொண்டேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சாலையோரம் மரக்கன்று நடும் திட்டம் ஒன்று எங்கள் பிரிவின் பொறுப்பில் இருந்தது. மாதம் பிறந்தால் மாவட்டத்துக்கு ஒரு படிவம் போக வேண்டும். அதில் மூன்று கட்டங்கள்: இலக்கு, சாதனை, சதவீதம். எங்கள் இலக்கு 400 கன்றுகள், நட்டவை 400, நூறு சதவீதம். புங்கன், வேம்பு, புளி என்று வகை பிரித்த பட்டியலும் உண்டு. அத்தனையையும் மணிமணியான எழுத்தில் எழுதியவன் நான்தான்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அந்தச் சாலை வழியே சைக்கிளில் போக நேர்ந்தது. பொழுது போகாமல் எண்ணிக்கொண்டே போனேன். உயிரோடு இருந்தவை 61. மற்ற இடங்களில் குழி இருந்தது. சுற்றிக் கட்டிய முள் இருந்தது. சில இடங்களில் கன்று நின்றதற்கு அடையாளமாக ஒரு குச்சியும் இருந்தது. ஆடு தின்றது பாதி, தண்ணீர் இல்லாமல் காய்ந்தது பாதி. குழி வெட்டப் பணம் ஒதுக்கியிருந்தார்கள், நடுவதற்கு ஒதுக்கியிருந்தார்கள், முள் கட்டவும் ஒதுக்கியிருந்தார்கள். தண்ணீர் ஊற்ற மட்டும் ஒதுக்கவில்லை. மழை பெய்துகொண்டே இருக்கும் என்று தலைநகரில் யாரோ நம்பியிருக்கிறார், பாவம்.

மறுநாள் என் மேலதிகாரியிடம் போய், "சார், அறுபத்தொன்றுதான் இருக்கிறது" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, நட்டது எத்தனை?"

"நானூறு."

"நாம் எழுதினது எத்தனை?"

"நானூறு."

"அப்புறம் என்ன? கேட்டதற்குப் பதில் எழுது. கேட்காததை எழுத நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?"

அவரை வில்லனாக நினைத்துவிடக் கூடாது. கை சுத்தமானவர். கடைநிலை ஊழியருக்கு உடம்பு சரியில்லை என்றால் தாமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர். என் முகம் வாடியதைப் பார்த்து உட்காரச் சொன்னார். "செத்துப்போச்சு என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? தண்ணீருக்குப் பணம் வராது. அடுத்த வருஷம் கன்றுக்கு வருகிற பணமும் நின்றுபோகும். ஊருக்குத்தானே நஷ்டம்?" என்றார். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையாகவே கொள்ளப்படும் என்ற கருத்துள்ள குறளையும் எடுத்துக் காட்டினார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அவர் சொன்னபடியே பணம் வந்தது. புதிய கன்றுகள் வந்தன. பழைய குழிகள் தயாராக இருந்தன. அதே குழிகளில் நட்டார்கள்.

வள்ளுவர் போட்ட நிபந்தனை 'குற்றமில்லாத' நன்மை. அந்தச் சொல்லை அவரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு நானும் கவனிக்கவில்லை. இறந்ததை மறைத்ததால் வந்த பணம் மறுபடி இறப்பதற்குத்தான் வந்தது. தண்ணீர் இல்லாத குறை மேலே யாருக்கும் தெரியாததால், தண்ணீர் வராமலே போயிற்று. நல்லெண்ணத்தோடு வாயை மூடிக்கொண்டோம். அந்த மௌனம் ஊருக்கு நிழல் தரவில்லை.

எங்கள் 400 பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் இன்னும் விசேஷம். மாவட்டத்தில் மற்ற ஊர்களின் கணக்கோடு சேர்ந்தது. அங்கே எங்கள் சாலையின் பெயர் போயிற்று. இயக்குநர் அலுவலகத்தில் மாவட்டத்தின் பெயர் போயிற்று. கோட்டைக்குப் போனபோது மாநிலம் முழுவதற்கும் ஒரே எண்ணாகத் திரண்டுவிட்டது. மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் கொடுக்கிறதல்லவா? அதன் பக்கமொன்றில் அது ஒரு வரி. பின்னாளில் அந்தப் புத்தகத்தை ஒரு நூலகத்தில் தற்செயலாகப் புரட்டினேன். "மரக்கன்றுகள் நடப்பட்டுள்ளன." என்னுடைய 400-ம் அதற்குள் எங்கேயோ இருந்தன. வரியில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

கதை எழுதுகிறவன் கண்ணுக்கு முதலில் படுவது அந்த வாக்கியத்தின் வினைச்சொல். நடப்பட்டுள்ளன. யார் நட்டார்கள்? சர்க்கார் அறிக்கைகளின் மொழி முழுவதும் இந்தச் செயப்பாட்டு வினையால் ஆனது. நிதி விடுவிக்கப்பட்டது, பணி முடிக்கப்பட்டது, நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. செய்தவன் எங்குமே தென்படமாட்டான். இப்படி ஒரு கதை எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். செய்தவன் இல்லாத இடத்தில் பெருமைப்படுவதற்கும் ஆளில்லை, வெட்கப்படுவதற்கும் ஆளில்லை. கணக்குக் கொடுப்பது என்ற காரியத்துக்கு எண்கள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், எண் தவறினால் முகம் சிவப்பதற்கு ஒரு மனிதனும் வேண்டாமா?

நம் பழைய ஆட்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். உத்தரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைக்கு யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்ற விதிகள் அவற்றில் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை எழுதக் கூடாது. அவனோடு நிறுத்தவில்லை. அவன் தகப்பன், மகன், உடன்பிறந்தவன், மாமனார், மருமகன், மைத்துனன், அத்தை பிள்ளை, சிற்றன்னை பெரியன்னை பிள்ளைகள் என்று உறவு முறை ஒன்றுவிடாமல் சொல்லி, அவர்களில் ஒருவர் பெயரும் கூடாது என்கிறது. அநியாயம் என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். அநியாயந்தான், ஒருவன் செய்ததற்கு மைத்துனன் என்ன செய்வான்? ஆனால் கணக்குக் காட்டாதவன் வீட்டு விசேஷத்துக்குப் போனால் அத்தையும் மாமனாரும் அவனைச் சும்மா விட்டிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள். வெட்கத்துக்கு அங்கே ஆள் இருந்தது.

அந்தச் சபையை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அது நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ளவர்களின் சபை. வயலில் இறங்கி உழுதவனுக்கு அங்கே ஓலையும் இல்லை, குடமும் இல்லை. கணக்கை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள், அவனுக்குக் காட்டவில்லை.

யாரைப் பற்றிய கணக்கோ அவர்கள் இல்லாத சபையில் அதை ஒப்புவிப்பது என்னும் வித்தையை முழுமையாக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1858-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியா மந்திரி வருஷந்தோறும் வரவு செலவுக் கணக்கோடு, இந்தியாவின் ஒழுக்க முன்னேற்றத்தையும் பொருள் முன்னேற்றத்தையும் விளக்கும் ஓர் அறிக்கையையும் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் வைக்க வேண்டும். தலைப்பைக் கவனியுங்கள்: முன்னேற்றம். கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டார்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் லட்சக்கணக்கில் ஜனங்கள் பட்டினியால் மடிந்தபோதும் அந்த அறிக்கையின் பெயர் முன்னேற்ற அறிக்கைதான்.

அந்தப் பஞ்சத்தில்தான் எனக்குப் பிடித்த ஒரு உத்தியோகஸ்தர் வருகிறார். செலவைக் குறைக்கப் புறப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் என்ற பெரிய அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று 1877-இல் விதித்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனராக இருந்த கார்னிஷ் என்ற டாக்டர், இது போதாது என்று எழுதினார். எத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம், எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்பவை மேலிடம் கேட்ட கேள்விகள். உழைக்கிறவனின் உடம்பு இந்தப் படியில் பிழைக்குமா என்பது கார்னிஷ் தாமாகவே எழுப்பிக்கொண்ட கேள்வி. விடாமல் வாதாடினார். அந்த வருஷமே சென்னை அரசாங்கம் அவர் கேட்டதில் ஏறக்குறையப் பாதி தூரம் இறங்கி வந்து படியை உயர்த்தியது. அவரும் அந்நிய சர்க்காரின் சம்பளக்காரர்தான். என் மேலதிகாரியை நினைக்கும்போதெல்லாம் இந்த டாக்டர் ஞாபகமும் கூடவே வருகிறது. கேட்காததை எழுத அவருக்கு மட்டும் யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

சுதந்திர இந்தியா இந்த அதிகாரத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தது. கணக்குத் தணிக்கைத் தலைவர் என்ற பதவி அது. நீதிபதிகளின் கடமையைவிட அவருடைய கடமை முக்கியமானது என்பது தம் எண்ணம் என்று 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னார். துறை தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது ஒன்று. இன்னொருவன் சைக்கிளில் போய் எண்ணிவிட்டு வந்து எழுதுவது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க நாடாளுமன்றத்துக்கு வந்த ஒரு உதாரணம் போதும். பள்ளிக்கூடங்களில் கழிப்பறை கட்டும் திட்டத்தை 2014-இல் அறிவித்தார்கள். பொதுத்துறை நிறுவனங்கள் லட்சத்துக்கு மேல் கட்டிக் கொடுத்ததாகக் கணக்கு. தணிக்கையாளர்கள் 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். கட்டியதாக எழுதியிருந்தவற்றில் 200 அந்தப் பள்ளிகளில் இல்லவே இல்லை. அதைக்கூட மன்னித்துவிடலாம், திருட்டு எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் உண்மையாகவே கட்டியிருந்தவற்றுள் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை என்று 2020-இல் வைத்த அறிக்கை சொன்னது. கட்டினாயா என்ற கேள்விக்குக் கட்டினேன் என்ற பதில் சத்தியம். அந்தக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்த பெண் குழந்தைக்கு அந்தச் சத்தியம் எதற்கு ஆகும்? என் சாலையிலும் குறைந்தது தண்ணீர்தான்.

இந்தத் தணிக்கை அறிக்கைகளையும் மேஜையில் வைக்காமலே காலம் தள்ள வழி இருக்கிறது. மாநிலத்தின் கணக்கு பற்றிய அறிக்கையை ஆளுநர் சட்டசபை முன் வைக்கச் செய்ய வேண்டும் என்று 151-ஆம் பிரிவு சொல்கிறதே தவிர, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லியில் 14 அறிக்கைகள் இப்படிக் கிடந்து, வழக்காகி, 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்தது. அவற்றைச் சபையில் வைக்கத் தொடங்கியது அடுத்த மாதம், தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு. முந்தைய ஆட்சியின் கணக்கு என்றால் எந்த ஆட்சிக்கும் கை தாராளமாகிவிடுகிறது.

இதுவரை கணக்குக் கொடுக்கிறவனைப் பற்றியே பேசினேன். கேட்கிறவன் பங்கு என்ன? சபையில் ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளின் மானியம் வருகிறது. உறுப்பினருக்குத் தம் தொகுதிக்குப் பாலம் வேண்டும், பஸ் வேண்டும், கேட்கிறார், தப்பில்லை. போன வருஷம் கொடுத்ததாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்க நேரமும் இல்லை, கைதட்டலும் இல்லை. எதிர்க்கட்சிக்கு வேண்டியது இறந்த கன்று. ஆளும் கட்சிக்கு வேண்டியது நட்ட கன்று. தண்ணீரைப் பற்றி எழுந்து கேட்கிறவர் யார்? நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரரே தலைவராக இருப்பது 1967 முதல் வழக்கம். நல்ல வழக்கம். அந்தக் குழு உட்கார்ந்து எழுதும் அறிக்கையை வாங்கிப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானே ஒன்றிரண்டுதான் படித்திருக்கிறேன், அதுவும் இந்தக் கட்டுரைக்காக.

வாசகர்களாகிய நாமும் பெரிய எண்களில் மயங்குகிறவர்கள். லட்சம் என்றால் நிமிர்கிறோம், கோடி என்றால் எழுந்து நிற்கிறோம். 61 என்ற எண்ணை யார் பத்திரிகையில் தலைப்பாகப் போடுவார்கள்? கேட்கிறவனுக்கு 400 இனிக்கும்போது, கொடுக்கிறவன் 61-ஐ எடுத்து நீட்டுவதற்கு அசாத்தியமான நெஞ்சுரம் வேண்டும். அந்த நெஞ்சுரத்தை மாதச் சம்பளக்காரனிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமா என்பது எனக்குத் தீராத சந்தேகம்.

என் மேலதிகாரி ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். என் கதை ஒன்றைப் படித்திருப்பதாகச் சொன்னார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, தாமாகவே, "தம்பி, அந்தப் படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்திருக்கலாம்" என்றார். எந்தப் படிவம் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவரும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

'பிழைத்தவை' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று அன்று ராத்திரி ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். 61 என்று எழுதியிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலை நிரந்தரமாகும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அநேகமாக, பென்சிலால் எழுதிவிட்டு அவர் முகத்தைப் பார்த்திருப்பேன்.