ஸ்டீவி ரே வாகனும் துயரத்தின் உரிமையும்

சுவிட்ஸர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மோன்ட்ரோ நகரத்தின் சங்கீத விழாவில், 1982-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி இரவு, அதுவரை ஓர் இசைத்தட்டுகூட வெளியிட்டிராத மூவர் குழு ஒன்று மேடையேறிற்று. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்து ஆஸ்டினிலிருந்து வந்த அந்தக் குழுவில் கிதார் வாசித்துப் பாடியவர், அகன்ற தொப்பியணிந்த ஸ்டீவி ரே வாகன் என்னும் இருபத்தேழு வயது இளைஞர்; டாமி ஷானன் பேஸ் கிதாரும் கிறிஸ் லேட்டன் டிரம்ஸும் வாசித்தார்கள். ப்ளூஸ் இசைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த அந்த இரவில், மென்மையான வாசிப்பை எதிர்பார்த்து அமர்ந்திருந்த சபைக்கு அவருடைய மின்சாரக் கிதாரின் உரத்த பிரவாகம் அபசாரமாகவே பட்டிருக்க வேண்டும். பாட்டு முடியும்போதெல்லாம் கைதட்டலோடு கலந்து ஏளனக் கூச்சலும் எழுந்தது. அன்றைய ஒலிப்பதிவு இன்று கிடைக்கிறது. அதில் அந்தக் கூச்சலையும் நாம் கேட்கலாம்.

ஆனால் அதே விழாவில் அவருடைய வாசிப்பைக் கேட்ட ராக் பாடகர் டேவிட் போவி, தம்முடைய அடுத்த இசைத்தட்டுக்கு அவரையே கிதார் வாசிக்க அழைத்தார். பாடகர் ஜாக்ஸன் பிரௌன், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்த தம் ஒலிப்பதிவுக் கூடத்தைக் காசு வாங்காமல் திறந்துவிட்டார். அங்கே அவ்வருஷம் நவம்பரில் மூன்று நாட்களில் பதிவானதுதான் 1983-இல் வெளிவந்த 'டெக்ஸஸ் ஃப்ளட்' என்ற முதல் இசைத்தட்டு. ஏளனத்துக்கு உள்ளான அந்த மோன்ட்ரோ கச்சேரியின் பதிவு ஒன்று, வேறு கலைஞர்களின் பதிவுகளோடு சேர்ந்து வெளியான ஒரு தொகுப்பில் இடம்பெற்று, அந்தத் தொகுப்பு பின்னர் கிராமி பரிசையும் பெற்றது. ஒரே கூடத்தில், ஒரே க்ஷணத்தில், ஒரே நாதம் இரண்டு செவிகளில் விழுந்து, ஒன்றில் அருவருப்பாகவும் மற்றொன்றில் பரவசமாகவும் விளைந்ததென்றால், குணம் என்பது நாதத்தில் இருக்கிறதா, கேட்பவனுடைய மனத்தில் இருக்கிறதா?

அவரவர் ருசி அவரவர்க்கு என்று சொல்லி இந்தக் கேள்வியைத் தள்ளிவிடுவது சுலபம். டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ ஞானி, ருசியின் அளவுகோலைப் பற்றி 1757-இல் வெளியிட்ட கட்டுரையில், அப்படித் தள்ளிவிட மனமில்லாமல், டான் குவிக்ஸாட் நாவலில் வரும் ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் திராட்சை மதுவைச் சோதிக்க அழைக்கப்பட்ட இருவரில் ஒருவன், மது உயர்ந்ததுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறான். மற்றவன், உயர்ந்ததுதான், ஆனால் இரும்பு ருசி தட்டுகிறது என்கிறான். ஊரார் இருவரையும் பரிகசிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது, தோல்வார் கோத்த ஒரு பழைய சாவி அடியில் கிடக்கிறது. வாகனைப் பற்றிய பிணக்குகளைப் படிக்கும்போதும் கேட்கும்போதும் எனக்கு இக்கதையே நினைவுக்கு வருகிறது. அவரைக் குறை சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் நாவில் பட்ட இரும்பு உண்மையாகவே அங்கே இருக்கிறது. அந்த இரும்பினால் மது கெட்டுப்போயிற்றா என்பதில்தான் நான் அவர்களிடமிருந்து விலகுகிறேன்.

அவர்கள் சொல்லும் முதற்குறை, ஸ்வரங்களை வாரி இறைக்கிறார், மௌனத்துக்கு இடம் தருவதில்லை என்பது. 'டெக்ஸஸ் ஃப்ளட்' என்ற பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1958-இல் லாரி டேவிஸ் பாட, ஃபென்டன் ராபின்ஸன் கிதார் வாசித்து வெளிவந்த மூலப் பதிவில், வாத்தியம் பாடகரின் வாக்கு முடியும் வரை காத்திருந்து, பதில் சொல்வதுபோல இரண்டொரு சொற்கள் பேசிவிட்டு ஒதுங்குகிறது. வாகனின் பதிவிலோ வாத்தியமே பிரதானம்; குரல் அதற்கு இடைவேளை கொடுக்க வந்ததுபோலத் தோன்றும். சாதாரணமாகக் கிதார் வாசிப்பவர்கள் 0.009 அல்லது 0.010 அங்குலக் கனமுள்ள முதல் தந்தியைக் கட்ட, இவர் 0.013 அங்குலத் தந்தியைக் கட்டி, வாத்தியத்தின் சுருதியையும் அரை ஸ்வரம் தாழ்த்தி வைத்துக்கொண்டு, விரல் நுனி கிழிந்தால் அங்கே பசையைப் போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்தவர். தடித்த தந்தியை விரலால் மேலே தள்ளித் தள்ளி ஸ்வரத்தை ஏற்றும்போது எழும் அந்தக் கனத்த, கண்ணீர் தளும்பும் நாதத்தை வேகமாக வாசிக்கும் வேறெவரிடமும் நான் கேட்டதில்லை. நிறைய ஸ்வரங்கள் என்பது மெய். ஆயினும் ஒவ்வொன்றும் முழு எடையோடு விழுகிறது என்பதும் மெய், குறை சொல்கிறவர்கள் இரண்டாவதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை இன்னும் கூர்மையானது. மிஸிஸிப்பிப் படுகையிலும் டெக்ஸஸின் பருத்தி வயல்களிலும், அடிமைத்தனத்தின் சந்ததியினராகிய கறுப்பு மக்கள், குத்தகைக் கடனிலும் நிறவெறிச் சட்டங்களின் கொடுமையிலும் வெந்து பெற்றெடுத்த சங்கீதத்தை, டல்லஸ் நகரத்து ஓக் கிளிஃபில் பிறந்த ஒரு வெள்ளையர் வீட்டுப் பிள்ளை தன் வாக்காக எடுத்துக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது என்பதே அது. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுடைய மனக்காயத்தை நான் மதிக்கிறேன். ஆல்பர்ட் கிங், லாரி டேவிஸ் போன்ற கறுப்புக் கலைஞர்கள் ஆயுள் முழுதும் உழைத்துப் பெற்றதைவிடப் பன்மடங்கு புகழும் பொருளும் இவரை வந்தடைந்ததென்றால், அதில் நிறத்துக்குப் பங்கில்லை என்று நெஞ்சறிந்த எவரும் சொல்ல மாட்டார். ஆனாலும் அந்த அநீதி சந்தையின் அநீதி. அதை வாசிப்பின் பொய்யாகக் கருதுவது வேறு பொருளை வேறு தராசில் நிறுப்பதாகும். ப்ளூஸ் உலகமும் அவர் வாசிப்பைப் பொய்யென்று தள்ளவில்லை: 1984-இல், டபிள்யூ.சி. ஹாண்டி பெயரால் ப்ளூஸ் கலைஞர்களுக்கு அக்காலத்தில் வழங்கப்பட்டுவந்த விருதுகளில், அவ்வாண்டின் சிறந்த மேடைக் கலைஞர், சிறந்த வாத்தியக் கலைஞர் ஆகிய இரண்டையும் பெற்ற முதல் வெள்ளையர் அவர்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு தந்தது ஒரு பதிவு. 1983 டிசம்பரில், கனடாவின் ஹாமில்டன் நகரத்துத் தொலைக்காட்சி நிலையமொன்றில், அறுபது வயது ஆல்பர்ட் கிங்கும் இருபத்தொன்பது வயது வாகனும் சேர்ந்து வாசித்தார்கள். அது 1999-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது. கிங் இடக்கைக்காரர், வலக்கைக்காரர்களுக்கெனத் தந்தி கட்டிய கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவராதலால், மற்றவர்கள் மேலே தள்ளும் தந்தியை அவர் கீழே இழுப்பார், ஒரே ஸ்வரத்தை மூன்று விதமாக வளைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்தப் பாணியிலிருந்து வாகன் எடுத்துக்கொண்டது கொஞ்சநஞ்சமன்று, பல இடங்களில் வாக்கியம் வாக்கியமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்தவர் கொடுத்தவரின் முன்னிலையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் கவனியுங்கள். கிங் வாசிக்கும்போது இவர் பின்னணித் தாளத்தோடு அடங்கி நிற்கிறார். முறை வந்து வாசிக்கும்போது, கிங்கிடமிருந்து கற்றதை ஒளிக்காமல் அவர் காதுபடவே திருப்பி வாசிக்கிறார். கடனை மறைப்பவனே திருடன். வாகன் தம் கடனை வாழ்நாள் முழுதும் மேடையிலும் பேட்டிகளிலும் பெயர் சொல்லி அறிவித்தவர்.

மூன்றாவது அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய பக்தர்களே. என் மனத்தை மிகவும் உறுத்துவதும் அதுதான். ப்ளூஸ் வாசிக்கிறவன் துன்பத்தில் உழன்றிருக்க வேண்டும். வாகன் குடியிலும் கொக்கெயினிலும் தம்மைத் தாமே எரித்துக்கொண்ட காலத்தில்தான் வாசிப்பில் அக்கினி இருந்தது. தெளிந்த பிறகு அது தணிந்துவிட்டது என்கிறார்கள் அவர்கள். இதைக் கலையைப் பற்றிய அபிப்பிராயமாக மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதற்குள்ளே, நம்முடைய ஆனந்தத்துக்காக இன்னொரு ஜீவன் வேதனைப்படுவது நியாயம் என்ற ஒரு சித்தாந்தம் பதுங்கியிருக்கிறது.

நம் ரஸ சாஸ்திரக்காரர்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். கிரௌஞ்சப் பறவையின் துணையை வேடன் வீழ்த்தியதைக் கண்டு வால்மீகியின் வாக்கிலிருந்து சுலோகம் பிறந்த கதையை விளக்க வந்த அபிநவகுப்தர், அந்தச் சோகத்தை முனிவரின் சொந்தச் சோகமாகக் கொள்ளலாகாது என்று சொல்கிறார். முனிவரே துக்கத்தில் முழுகியிருந்தால் ரஸம் பிறந்திராது என்பது அவர் கருத்து. வாழ்வில் நேரும் சோகம் மனிதனை வாயடைக்கச் செய்கிறது; அதிலிருந்து ஓரடி விலகி, அதைத் தன்னுடையதென்றோ பிறருடையதென்றோ பிரித்துப் பாராமல் மனம் கரைந்து நிற்கும்போதுதான் கருணரஸம் பிறக்கிறது. பத்தாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ஆசாரியர் ஒருவர் சொன்னது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கிதார்க்காரருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். வாகனுடைய இசைத்தட்டுகளே அதற்குச் சாட்சி.

1986 இலையுதிர்காலத்தில், ஜெர்மனியில் யாத்திரையாகக் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, வாகன் உடல் நிலைகுலைந்து விழுந்தார். லண்டனில் வைத்தியம் பெற்று, பின்பு ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டாவில் மருத்துவமனையில் சேர்ந்தார். அந்த வீழ்ச்சிக்கு முந்தின காலத்து வாசிப்பு, அவ்வருஷம் நவம்பரில் வெளியான 'லைவ் அலைவ்' என்ற இரட்டை இசைத்தட்டில் இருக்கிறது. அவருடைய பதிவுகளிலெல்லாம் மிகவும் தளர்ந்தது அதுதான் என்பதில் ரசிகர்களுக்குள் அதிக வேற்றுமை இல்லை. மேடையில் வாசித்ததைப் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் திருத்தி வாசித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. துன்பமே கலையின் ஊற்றென்றால், அந்த ஊற்று கரைபுரண்ட வருஷத்தில் வெள்ளமல்லவா வந்திருக்க வேண்டும்? வறட்சியே வந்தது.

குடியிலிருந்து மீள்வதற்கு வாகன் கைக்கொண்டது, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சங்கம் 1930-களில் வகுத்த பன்னிரண்டு படிகளின் மார்க்கம். என் பலத்தால் என்னைக் காத்துக்கொள்ள இயலாது என்று ஒப்புக்கொண்டு, தன்னினும் பெரிய ஒரு சக்தியினிடம் தன்னை ஒப்படைப்பது அதன் தொடக்கம். கிறிஸ்தவ மண்ணில் முளைத்ததாயினும், சரணாகதியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகப் படாது. தன் அகங்காரத்தை ஒப்படைத்த ஒருவர், மேடையின் நடுவில் விளக்கொளியில் நின்று ஆயிரமாயிரம் பேரைத் தன் விரல்களால் ஆட்டிவைக்கும் தொழிலை எப்படிச் செய்வது? கடைசி நான்கு வருஷங்களில், 'லைஃப் வித்அவுட் யூ' என்ற தம் பாட்டின் நடுவே வாத்தியத்தைத் தாழ்த்திவிட்டு, உயிரோடிருப்பதற்கு நன்றி சொல்லியும், ஒருவரையொருவர் பேணிக்கொள்ளுங்கள் என்று வேண்டியும் சபையோடு பேசுவார். சங்கீதம் கேட்க வந்த இடத்தில் பிரசங்கமா என்று சலித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் சலிப்பில்லை; சாவின் வாசல்வரை போய் வந்தவர், அங்கே கண்டதை வெட்கப்படாமல் சொல்வது அபூர்வம்.

1989-இல் வெளிவந்த 'இன் ஸ்டெப்' அந்தத் தெளிவின் பலன். அதன் கடைசி உருப்படியான 'ரிவியேரா பாரடைஸ்' பதிவான விதத்தைத் தயாரிப்பாளர் ஜிம் கெய்ன்ஸ் சொல்லியிருக்கிறார். டேப்பில் ஏறக்குறைய ஒன்பது நிமிஷமே மிச்சமிருந்தது. நான்கு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று சொல்லி, விளக்குகளைத் தணிக்கச் செய்து வாசிக்கத் தொடங்கிய வாகன், கட்டுப்பாட்டு அறைக்கு முதுகு காட்டியபடி லயித்துப்போனார். டேப் தீரப்போகிறதென்று கெய்ன்ஸ் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையசைத்துத் தவித்தார். கடைசி ஸ்வரம் ஓயவும் டேப் முடியவும் சரியாக இருந்தது. ஏறத்தாழ ஒன்பது நிமிஷம் நீளும் அந்த உருப்படியில் சொல் இல்லை, வேகத்தைக் காட்டும் ஆசையும் இல்லை. இதில் அக்கினி இல்லையென்கிறவர்கள், புகையையே அக்கினியென்று எண்ணிப் பழகிவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக, பிந்தியதெல்லாம் முந்தியதைவிட உயர்ந்தது என்று நான் வாதிக்கவில்லை. முதல் இசைத்தட்டின் நாதத்தையே என் செவி அதிகமாக நாடுகிறது. ஆனால் அந்தப் பசுமைக்குக் காரணம், மூவரும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மேடையில் பல வருஷம் பழகிய உருப்படிகளை ஓரிரு முறைகளில் வாசித்து முடித்ததே. 'இன் ஸ்டெப்' ஒலிப்பதிவில் மெருகு கூடியிருப்பதும் காலத்தின் வழக்கமே. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் குடிப்புட்டிக்குப் புகழைக் கொடுப்பது என்ன நியாயம்!

1990 ஆகஸ்ட் 26-ஆம் தேதி இரவு, விஸ்கான்ஸின் மாகாணத்து ஆல்பைன் வாலியில், எரிக் கிளாப்டன், படி கை, ராபர்ட் கிரே, தமையனார் ஜிம்மி ஆகிய கிதார்க் கலைஞர்களோடு வாசித்துவிட்டு, நள்ளிரவுக்குப் பின் ஹெலிகாப்டரில் ஏறிய வாகன், அது மலைச்சரிவில் மோதி மாண்டார், வயது முப்பத்தைந்து. அகால மரணம் ஒரு கலைஞனைத் தெய்வமாக்கிவிடுவதால், அதன்பின் சொல்லப்பட்ட அபிப்பிராயங்களைச் சற்று எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் போன மறு மாதம், தமையனாரோடு சேர்ந்து அவ்வருஷமே பதிவுசெய்திருந்த 'ஃபேமிலி ஸ்டைல்' வெளிவந்தது. ஜிம்மி, ஒரு ஸ்வரத்துக்கு ஒரு ஸ்வரம் கணக்குப் பார்த்துச் செலவிடுகிறவர். அவருக்குப் பக்கத்தில் தம்பியும் விட்டுக்கொடுத்து, அளந்து, பல இடங்களில் வாயே திறவாமல் வாசிக்கிறார். ஸ்வரங்களை வாரி இறைக்கிறார் என்று ஆதியிலிருந்து குறை கூறியவர்கள் அந்தத் தட்டை ஒரு முறையேனும் முழுதாகக் கேட்க வேண்டும். அதில் வாகன் போதுமான அளவு வாசிக்கவில்லை என்று குறைப்பட்டவர்கள், இம்முறை, அவருடைய பக்தர்கள்தான்.