அரியதும் எளியதும்

"நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்" என்று பிறரை இகழ்கிறோமே, காளானுக்கு அது எத்தனை பெரிய அநீதி! அமெரிக்காவில், ஒரேகன் மாநிலத்து மல்ஹூர் காட்டில் தேன்காளான் ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் நூல் நூலாக 2,000 ஏக்கருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. அதன் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மழைக்குப் பின் தலைநீட்டும் குடைகள் அதன் கனிகள் மாத்திரமே. ஆனாலும் தேன்காளான் அந்தப் பக்கத்துக் காடுகளில் சர்வ சாதாரணம். மரங்களைக் கொல்வதால் வசவும் வாங்குகிறது.

திபெத்தின் பனிமலைச் சாரலில் டகாக்கியா என்று ஒரு பாசி. ஓர் அங்குலம்கூட வளராது. அதன் குலத்துக்கு வயதோ 39 கோடி ஆண்டு. இமயமே அதற்குப் பின் எழுந்ததுதான். உலகம் சூடேற ஏற, ஆராய்ந்த இடத்தில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு 1.6 பங்கு வீதம் குறைந்து வந்ததாக 2023-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் காக்கலாம் என்றால் எதைக் காப்பது? என் மனம் உடனே பாசியின் பக்கம் சாய்கிறது. அது அரியது என்பதாலா? அப்படியானால் நான் பிடித்திருப்பது பொன் வியாபாரியின் தராசு. சரக்குக் குறைந்தால் விலை ஏறும் என்பது கடைத்தெரு நியாயம். தெருவில் நூறு பேர் இருப்பதால் ஒருவனுடைய உயிர் மலிவாகிவிடுமா?

யோசித்துப் பார்த்தால், அருமை என்பது பாசியின் பெருமை அல்ல. நம் கடமையின் அளவு. இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டால் தாய் அதன் அருகிலேயே இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். மற்றக் குழந்தையின்மேல் அன்பு குறைந்தா போயிற்று? காளான் குடை ஒன்றைப் பறித்தால் அடுத்த மழைக்கு இன்னொன்று எழும். பாசியின் கடைசித் திட்டுக் கருகினால், 39 கோடி ஆண்டு வாழ்வு அதோடு முடிந்தது. அந்தச் சூட்டை மூட்டியதில் நம் ஆலைகளுக்கும் வண்டிகளுக்கும் பங்கு உண்டு.

அதற்காக, 'எளியதுதானே' என்று காளானை மறந்துவிடலாமா? வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் பயணப் புறாக்கள் வானத்தை மறைத்துப் பறந்தன. எண்ணில் அடங்காமல் இருந்ததனாலேயே அவற்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வேட்டையாடித் தள்ளினார்கள். 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலைக் கூண்டில் கடைசிப் புறா செத்தது.

அரியவை எல்லாம் அரியவையாகவே பிறந்தவை அல்ல. அலட்சியம் என்ற படியில் இறங்கி வந்து அந்த நிலையை அடைந்தவையும் அவற்றில் உண்டு. அதனால்தான் இனி யாரையும் காளான் என்று இகழ எனக்கு நா எழாது.