ஊட்டும் கையும் உண்ணும் வயிறும்

'இன்னும் ஒரு வாய்' என்னும் வேண்டுதலைக் கேளாது வளர்ந்த பிள்ளை நம்மிடையே அரிது. அன்பின் மொழியாகவே அதனைக் கொள்கின்றோம். எனினும், அதனுள் ஓர் அறவியல் வினா பொதிந்துள்ளது. பிள்ளையின் வயிற்றின்மீது அதிகாரமுடையவர் யார்? ஊட்டுபவரா, உண்பவரா?

அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளை 34 வகை உணவுகளிலிருந்து தாமே தெரிந்துண்ண விட்டு, தாம் கண்டவற்றை 1939 ஆம் ஆண்டில் தொகுத்துரைத்தார். எவரும் வற்புறுத்தவில்லை, குழந்தைகள் நன்கு வளர்ந்தனர். இதனைக் கொண்டு, பிள்ளை விரும்பியதையெல்லாம் உண்ணட்டும் என முடிவுகட்டுதல் தவறு. அந்த 34 உணவுகளுள் சீனி இடம்பெறவில்லை. தெரிவு குழந்தைகளுடையது, பட்டியலோ மூத்தோருடையது.

உளவியலாளர் டயானா போம்றிண்ட் 1966 இல் பெற்றோரின் அதிகாரத்தை மூவகைப்படுத்தினார்: அடக்கியாளுதல், கட்டின்றி விடுதல், காரணங்காட்டி நெறிப்படுத்தல். சோற்றுக் கோப்பையின் முன் இம்மூன்றும் துலக்கமாக வெளிப்படும். அடக்குபவர் கோப்பை வெறுமையாகும்வரை பிள்ளையை எழவிடார்; வயிறு நிறைந்ததை உணரும் ஆற்றலை அப்பிள்ளை மெல்ல இழக்க நேரிடும். கட்டின்றி விடுபவர் அழுகைக்கு அஞ்சி இனிப்பைக் கொடுப்பார். கீரையை உண்டால் இனிப்புத் தருவதாகப் பேரம் பேசுவோரோ, கீரை தண்டனை, இனிப்பே பரிசு என்னும் பாடத்தைக் கற்பிக்கின்றனர்.

ஆயினும், வற்புறுத்தலின் வேர் எப்போதும் ஆணவமன்று. 1974 ஆம் ஆண்டின் உணவுத் தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசையில் நின்றவர் என் அம்மம்மா. எனக்குச் சோறு தீத்தும்போது கோப்பையில் ஒரு பிடி எஞ்சுவதையும் அவர் பொறுத்ததில்லை. அவர் ஊட்டியது என் பசிக்கன்று; தம் பழைய பசிக்கே. 2022 இல் எமது நாட்டில் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது அவ்வச்சம் பல இல்லங்களுக்கு மீண்டது.

ஆதலால், தாயை மட்டும் குற்றவாளியாக்கும் அறம் அறமாகாது. உலையேற்ற வழியில்லாத வீட்டில் தெரிவுரிமை பற்றிப் பேசுதல் பரிகாசமே. நல்லுணவை வேளைக்கு வழங்குதல் பெற்றோரின் கடன். அதற்கு இயலுமாறு செய்தல் சமுதாயத்தின் கடன். அதன்பின் எவ்வளவு உண்பது என்பது பிள்ளைக்கே உரியது.

அம்மம்மாவின் அச்சம் எனக்கு விளங்குகின்றது. எனினும், போதுமென்று பிள்ளை முகந்திருப்பும்போது நீட்டிய கையை மீட்கும் கடமை அவருக்கு இருந்தது. நாளை அது எனக்கும் இருக்கும்.