கட்டி இழுக்கப்படும் வண்டியும் சரணாகதியும்

சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுச் செல்லும் இடத்திலும், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாது ஓடும் அரியலூர்ச் சாலைகளிலும், பழுதாகி நின்ற வண்டியை இன்னொரு வண்டி கட்டி இழுத்துச் செல்வது பழகிய காட்சியாகும். சக்கரங்கள் யாவும் தரையிலேயே உருள, எஞ்சின் அணைந்திருக்க, முன்வண்டியின் விசையால் மட்டுமே பின்வண்டி நகர்கிறது. அமெரிக்காவில் வீட்டு வசதி கொண்ட பெரிய ஊர்திகளின் பின்னால் நல்ல நிலையிலுள்ள காரையே இவ்வாறு பூட்டிச் செல்வார்கள். இந்தியாவின் 1989ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகளோ, பயணத்துக்கு உரிய வண்டிகளுள் இயங்க இயலாது போனதை மட்டுமே இழுக்க இடம் தந்தன. இடைவெளி 5 மீட்டரையும் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரையும் தாண்டலாகாது என்பதோடு, முன்சக்கரங்கள் தூக்கிப் பிடிக்கப்படாதபோது பின்வண்டியின் இருக்கையில் உரிமம் பெற்ற ஓட்டுநர் அமர்ந்திருக்க வேண்டும் என்றும் அவை விதித்தன.

சரணடைந்த உயிருக்குச் செய்ய ஏதேனும் மிச்சமுண்டா என்னும் வைணவத்தின் பழைய வினாவை இவ்விதிகளின் வெளிச்சத்தில் எண்ணிப் பார்க்கலாம். திருவரங்கத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஆசாரியர் இருவரின் வழிவந்தோர் இதில் வேறுபட்டனர். வேதாந்த தேசிகரின் (1268–1369) மரபு, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், பிள்ளை உலகாசிரியரின் மரபு, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் உவமையாகக் கொண்டன. எனினும் சரணாகதிக்கு உரியவர் யார் என்பதில் ‘ஆகிஞ்சன்யம்’, அதாவது வேறு வழிகளைக் கைக்கொள்ளும் ஆற்றல் தன்னிடம் இல்லாமை, இரு சாராருக்கும் இன்றியமையாததாகும். ஓட முடிந்த வண்டிக்குக் கயிறு இல்லை. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கற்கம்பத்தையே கலியுக வரதராசப் பெருமாளாக வணங்கி நிற்கும் உழவருக்கு இந்த ஆற்றலின்மையை எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆற்றலின்மை செயலின்மை ஆகிவிடாது. பின்வண்டியின் ஓட்டுநர் முதலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். கியரில் விட்டால் நின்றுபோன எஞ்சினே இழுவைக்கு எதிராக முரண்டு பிடிக்கும். ஸ்டியரிங் பூட்டைத் திறந்துவைத்து, பவர் உதவி இல்லாததால் கனத்துப்போன ஸ்டியரிங்கை வளைவுதோறும் முன்வண்டியின் தடத்திற்குத் திருப்ப வேண்டும். இவற்றுள் எதுவும் வண்டியை ஓர் அங்குலமும் முன்னேற்றுவதில்லை. ஆயினும் இவையின்றி இழுவை நடவாது. தேசிகர் மரபு சரணாகதியை ‘வியாஜம்’ என்று, அதாவது அருளுக்குக் காரணமாகாமல் அது பாய்வதற்கு ஒரு சாக்காக மட்டும் அமைவது என்று, கூறியதன் நுட்பம் இங்கே தெளிவாகிறது.

இருப்பினும், காற்றழுத்த பிரேக் கொண்ட லாரியைக் கருதும்போது மற்ற மரபின் ஆழம் புலப்படுகிறது. காற்று இறங்கிவிட்ட லாரியில் சுருள்வில் பிரேக் தானே இறுகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது. முன்வண்டியிலிருந்து குழாய் வழியே காற்றை ஏற்றினால் பிடி தளரும். பற்றை விடும் வலிமையும் முன்னிருப்பவரிடமிருந்தே வருகிறது. ஏற்றுக்கொள்வது இறைவனின் முயற்சியே என்று வற்புறுத்திய பிள்ளை உலகாசிரியர் இந்த இடத்தில் மேலும் உண்மைக்கு அருகில் நிற்கிறார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அந்த லாரியிலும் ஓட்டுநர் இருக்கை காலியாக இருப்பதில்லை. கயிறு தொய்ந்து பின் வெடுக்கென இறுகினால் அறுந்துவிடும் என்பதால், இறக்கத்தில் முன்வண்டியை நெருங்காதபடி மெல்ல பிரேக் மிதித்துக் கயிற்றை இறுக்கமாகவே வைத்திருப்பது அவருடைய பொறுப்பாகும்.